மும்பையில் நாலு நாள், பார்த்தது முழுக்கப் படங்கள்

டிசம்பர் 9, 2025, செவ்வாய்

தாதரில் இறங்கும்போது வண்டி மூன்று மணி நேரம் தாமதம். ஆன்லைனில் பணம் கட்டிப் பதிவு செய்திருந்த லாட்ஜில், என் பெயரில் அறையே இல்லை என்றார்கள். ரசீதைக் காட்டினேன். கவுன்டரில் இருந்த பையன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான். அதற்கு மேல் பேச எனக்கு இந்தி போதவில்லை. சயான் கோலிவாடாவில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். "வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்குண்ணே?" என்று திட்டிக்கொண்டே பைக்கில் வந்தான். பத்துக்குப் பத்து அறை. அவர்கள் நான்கு பேர், நான் ஐந்தாவது. அவன் மனைவி அந்த நேரத்திலும் சோறு வடித்து, பொம்பில் மீனை ரவையில் புரட்டி வறுத்துப் போட்டார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் மாதிரி கரைகிறது. முள்கூட மெத்தென்று இருக்கிறது.

எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த சார் போன வருஷம் தவறிவிட்டார். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர். 1966-இல் பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது சாரையும் வரச் சொன்னார்கள். வீட்டில் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். சார் கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ராத்திரி பதினொரு மணி வரை வரைவார். அப்படி வரைந்ததில் 143 படங்கள் பரணில் கிடக்கின்றன. "இதுக்கு ஏதாவது மதிப்பு இருக்கா தம்பி? கரையான் ஏறுது" என்று அம்மா (சாரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஐப்பசி மழையில் போன் செய்து கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 143-ஐயும் போனில் படம் எடுத்தேன். சென்னையில் காட்டிய இரண்டு இடத்திலும் "மும்பையில் கேட்டுப் பாருங்க" என்றார்கள். சரி, கேட்டுவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

காலையில் தம்பி மாட்டுங்காவில் ராம் ஆஸ்ரயாவுக்குக் கூட்டிப்போனான். எட்டு மணிக்கே வாசலில் கூட்டம். நான்கு பேர் உட்காரும் மேஜையில் முன்பின் தெரியாத இருவருடன் சேர்த்து உட்காரவைத்தார்கள். எதிரில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார். இட்லி நம் ஊர் இட்லிதான். அன்னாசிப்பழம் போட்ட கேசரிக்காக இன்னொரு தடவை போகலாம்.

சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி, ஓவியக் கேலரிகள் இருக்கும் காலா கோடா வரை நடந்தேன். டிசம்பரிலும் வெயில் உறைக்கிறது. காற்றில் புழுதி, தூரத்துக் கட்டடமெல்லாம் சாம்பல் பூசினமாதிரி தெரிகிறது.

1952-இல் திறந்த ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்குள் போக டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் செருப்புக் காலோடு உள்ளே போய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே ஒரு கண்காட்சி வைக்க ஓவியர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, வெளியே நடைபாதையிலேயே ஒரு கேலரி நடக்கிறது. சுவரோரமாகப் படங்களைச் சாய்த்து வைத்துவிட்டு, வரைந்தவர்களே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதில் சோலாப்பூர்க்காரர் ஒருவரிடம் வெகுநேரம் நின்றுவிட்டேன். வாட்டர் கலரில் கொலாபா மீன்பிடித் துறை. படகுகளின் நிழல் தண்ணீரில் விழும் இடத்தில் வண்ணமே வைக்கவில்லை, வெறும் தாளை விட்டுவிட்டு, சுற்றிலும் ஈரத்தைப் பரவவிட்டிருக்கிறார். தூரிகை நின்று திரும்பிய இடம்கூடத் தெரிகிறது. விலை 1,500 சொன்னார். நான் பேரம் பேசவில்லை. வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு எத்தனை விற்கும் என்று கேட்டேன். சில வாரம் மூன்று, சில வாரம் ஒன்றுமில்லை என்றார். "பெரிய ஆள் யாராவது ஒருத்தர் என் படம் நாலு வாங்கி வீட்டில் மாட்டினால் போதும், அப்புறம் அவர் வீட்டுக்கு வருபவர்கள் கேட்பார்கள்" என்றார். இந்தியில் அவர் சொன்னது இவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த மூன்று நாளில் எனக்குப் புரிந்தது.

ஏனென்றால் மும்பையின் கதையே அதுதான். 1947-இல் சூசா, ரசா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆறு பேரும் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவை ஆரம்பித்தபோது அவர்களிடம் காசும் இல்லை, பெயரும் இல்லை. ஹுசைன் சினிமா பேனர் வரைந்தவர். ஆரா வீட்டு வேலையும் கார் துடைக்கும் வேலையும் செய்தவர். ஹிட்லர் காலத்து ஐரோப்பாவை விட்டு பம்பாய்க்கு வந்த மூன்று பேர் இவர்களைக் கையில் எடுத்தார்கள். வால்டர் லாங்ஹாமர் பத்திரிகையில் கலை இயக்குநர், வீட்டுக்குக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தார். ரூடி ஃபான் லேடன் விமர்சனம் எழுதினார். மருந்துக் கம்பெனி நடத்திய இமானுவேல் ஷ்லெசிங்கர் காசு கொடுத்து வாங்கினார். கற்றுக்கொடுக்க ஒருவர், எழுத ஒருவர், வாங்க ஒருவர்! இந்த மூன்றும் ஒரே ஊரில், ஒரே சமயத்தில் அமைந்தது அந்தப் பையன்களின் கொடுப்பினை.

நான்காவதாக ஒருவரையும் சேர்க்க வேண்டும். கெக்கூ காந்தி என்ற பார்சிக்காரர். உலகப்போரால் ஊர் திரும்ப முடியாமல் இங்கே மாட்டிக்கொண்ட ஒரு பெல்ஜியக்காரர் யோசனை சொல்ல, 1941-இல் கெமோல்ட் என்ற ஃப்ரேம் கம்பெனியை ஆரம்பித்தார். பிரின்சஸ் தெருக் கடை ஜன்னலில், ஃப்ரேம் எப்படி இருக்கும் என்று காட்ட இந்த ஓவியர்களின் படங்களை மாட்டிவைத்தார். ஃப்ரேம் வாங்க வந்தவர்கள் படத்தைக் கேட்டார்கள். 1963-இல் ஜஹாங்கீரின் மாடியிலேயே கேலரி திறந்துவிட்டார். அந்த மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது அந்த கேலரி வேறு தெருவுக்குப் போய்விட்டது.

மத்தியானம் ஒரு இரானி கடையில் பன் மஸ்கா 50, சாயா 30. மேஜைக்கு வந்த பரிமாறுகிறவர் நான் கையில் வைத்திருந்த வாட்டர் கலரைப் பார்த்துவிட்டு, துணியால் மேஜையை இரண்டாவது தடவை நன்றாகத் துடைத்து, "இப்ப வைங்க" என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

கொலாபாவின் கடைசியில், கடற்படைக் குடியிருப்பையும் தாண்டி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். எட்டாம் வகுப்பில் என்னிடம் படம் வரைந்த பெண் இப்போது அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். அவள்தான் அனுமதி வாங்கிக் கொடுத்தாள். வாசலில் "வாங்க சார்" என்று ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். காவலுக்கு நின்றவர் அடையாள அட்டையை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார், ஆனால் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை.

உள்ளே போனதும் நடுக்கூடத்துச் சுவரில் ஹுசைன். 1963-இல் வரைந்த 'பாரத் பாக்ய விதாதா'. ஒன்பது அடி உயரம், நாற்பத்தைந்து அடி நீளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால்தான் படம் முடிகிறது. இருபது காலடி எடுத்துவைத்தேன். பக்கத்தில் போனால் தூரிகையின் வேகம் தெரிகிறது. கறுப்புக் கோடு ஒன்று தோளில் ஆரம்பித்து, எங்கும் தயங்காமல் விரல் வரை போகிறது. அதன் கீழே கணிதம் படிக்கும் பிள்ளைகள் காபியோடு நடந்துபோகிறார்கள், படம் அங்கே இருப்பது அவர்களுக்கு வீட்டுச் சுவர் மாதிரி பழகிவிட்டது.

இதெல்லாம் ஹோமி பாபா செய்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தைப் படம் வாங்க ஒதுக்க வேண்டும் என்று நேருவிடம் ஒப்புதல் வாங்கினார். அணு விஞ்ஞானி, தானே நன்றாக வரைவார். கண்காட்சி திறந்த அன்றே வந்து வாங்கிவிடுவாராம். ஆரா, சூசா, ஹெப்பார், கைத்தொண்டே என்று தாழ்வாரமெல்லாம் நிறைந்திருக்கிறது. கிருஷன் கன்னா அப்போது கிரிண்ட்லேஸ் வங்கியில் அதிகாரி. அவருடைய படத்தை பாபா 225 ரூபாய்க்கு வாங்கினார். அதுதான் அவருடைய முதல் விற்பனை. அதே கன்னா வங்கி வேலையாகச் சென்னையிலும் சில வருஷம் இருந்தார், தனிக் கண்காட்சியை முதன்முதலில் 1955-இல் அங்கேதான் வைத்தார். 1961-இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரைய வந்தார். இந்த ஜூலையில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. ஆரம்பத்தில் அந்த 225 ரூபாய் வராமல் போயிருந்தால் வங்கி வேலையை விடும் துணிச்சல் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். எங்கள் சாருக்கு அப்படி ஒரு 225 வரவில்லை.

கேண்டீனில் அந்தப் பெண் தோசை வாங்கிக் கொடுத்தாள். என்னைக் காசு எடுக்கவிடவில்லை. கடலோரப் புல்வெளியில் உட்கார்ந்து சாரின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கிணறும் காக்கையும் இருக்கும் பச்சைப் படத்தில் நிறுத்திவிட்டாள். சார் அதை ஒட்டுப்பலகையில், சுவருக்கு அடித்து மீந்த பெயின்ட்டில் வரைந்தார். கிணற்றுக்குள் தண்ணீர் இருக்கும் இடத்தில் பச்சையைக் கத்தியால் சுரண்டி, பலகையின் நிறத்தை வெளியே கொண்டுவந்திருப்பார். அது போனிலேயே மினுங்குகிறது. "இது இங்க மாட்டவேண்டிய படம் சார்" என்றாள். அவள் சும்மா மரியாதைக்குப் பேசுகிற பெண் இல்லை.

திரும்பும் வழியில் நரிமன் முனையில் பழைய ஏர் இந்தியா கட்டடம். 1956-இல் பி. பிரபாவின் ஆறு படங்களை, ஒன்று 87 ரூபாய் 50 காசு என்று வாங்கி ஆரம்பித்தது ஏர் இந்தியாவின் சேகரிப்பு. உலகெங்கும் இருந்த டிக்கெட் அலுவலகங்களில் மாட்டுவதற்காக வாங்கினார்கள். பல ஓவியர்களுக்குப் பணத்துக்குப் பதில் விமான டிக்கெட் கொடுத்தார்கள். அப்படி வெளிநாடு பார்த்த ஓவியர்கள் எத்தனையோ பேர். அந்தப் படங்களெல்லாம் 2023-இல் தேசிய நவீன ஓவியக் கூடத்துக்குப் போய்விட்டன.

டிசம்பர் 12, வெள்ளி

இன்றுதான் முக்கியமான நாள். ஏல நிறுவனம் ஒன்றின் முன்காட்சி. ஏலத்துக்கு வரும் படங்களை முன்னாலேயே சுவரில் மாட்டிவிடுவார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம். இருந்த ஒரே நல்ல சட்டையைத் தம்பி மனைவி காலையிலேயே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். வாசலில் நின்ற காவலாளி கதவைத் திறந்து "நமஸ்தே" என்றார். உள்ளே ஏ.சி. குளிர். பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் சின்ன அட்டை: பெயர், வருஷம், அளவு, மதிப்பீட்டு விலை.

கைத்தொண்டே ஒன்று இருந்தது. நெருங்கிப் போய்ப் பார்த்தேன். வண்ணத்தை ரோலரால் உருட்டி, கத்தியால் வழித்து, காகிதத் துண்டை ஒட்டி எடுத்து, அடுக்கடுக்காக. மேலிருக்கும் மஞ்சளுக்குள்ளே இன்னொரு மஞ்சள், அதற்குள்ளே பழுப்பு. குளத்தில் இறங்கிப் பார்ப்பது போல இருக்கிறது. வருஷத்துக்கு ஐந்தாறு படம்தான் வரைவார், ஒண்டிக்கட்டையாக டெல்லி நிஜாமுதீனில் வாழ்ந்து 2001-இல் இறந்தவர். அவர் 1970-இல் வரைந்த படம் ஒன்று இந்த செப்டம்பரில் 67.08 கோடிக்குப் போனது.

இரண்டு சுவர் தள்ளி, மூலையில், கே. ராமானுஜம். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. சோழமண்டலத்தில் வாழ்ந்து, 1973-இல் முப்பத்து மூன்று வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். சார் அவரை எங்களுக்குக் கதை கதையாகச் சொல்வார். தாளில் பேனா மை. தொப்பி வைத்த மனிதன், மாளிகைகள், இறக்கை வைத்த மிருகங்கள், பாம்புகள். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் முடி மாதிரி கோடு, கோட்டின் மேல் கோடு, ஒரு அங்குலத்துக்குள் நூறு கோடு இருக்கும். கை நடுங்காமல் இதை எப்படிப் போட்டார்! அட்டையில் லட்சங்களில் விலை போட்டிருந்தது. எதிர்ச் சுவரில் கோடிகள்.

அங்கேயே நின்றதைப் பார்த்து ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். குஜராத்திக்காரர், எழுபது தாண்டியவர், கதர்ச்சட்டை. 80-களிலிருந்து படம் சேர்க்கிறாராம். நான் மெட்ராஸ் பக்கம் என்றதும், "உங்கள் ஊர் ஓவியர்கள் ஒரு குறையும் இல்லாதவர்கள். உங்கள் ஊரில் வாங்குகிறவர்கள்தான் இல்லை" என்றார். கோபப்படவில்லை நான். உட்காரவைத்து எனக்கு விளக்கினார். அந்த அரை மணி நேரத்துக்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்தில் தோல் கைப்பை தயாரித்த செஸ்டர் ஹெர்விட்ஸும் அவர் மனைவி டேவிடாவும் வருஷாவருஷம் இந்தியா வந்து ஆயிரக்கணக்கில் படங்கள் வாங்கினார்கள். நம் ஆட்கள் திரும்பிப் பார்க்காத காலம் அது. 1995-இலும் 96-இலும் நியூயார்க்கில் சதபீஸ் ஏல நிறுவனம் ஹெர்விட்ஸ் சேகரிப்பிலிருந்து ஏலம் விட்டபோதுதான், இந்திய நவீன ஓவியத்துக்கு இன்ன விலை என்று உலகம் பார்க்க ஒரு பட்டியல் கிடைத்தது. அவர்கள் சேர்த்ததில் ஒரு பகுதி பிறகு அதே மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம் நகரத்துப் பீபடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஏலப் பட்டியலில் 'ஹெர்விட்ஸ் சேகரிப்பு' என்று ஒரு வரி இருந்தாலே அந்தப் படத்துக்குக் கூடுதல் கௌரவம். அப்புறம் 2002-இல் தையப் மேத்தாவின் படம் 3,17,500 டாலர், 2005-இல் அவருடைய 'மகிஷாசுரன்' 15 லட்சம் டாலரைத் தாண்டியது. உடனே பங்குச்சந்தைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், கிடங்கில் வைத்தே விற்றார்கள். 2008-இல் எல்லாம் சரிந்தது. "அப்போது நான் ஒன்றையும் விற்கவில்லை. என்னை மாதிரி விற்காமல் உட்கார்ந்திருந்தவர்களால்தான் விலை தரைக்குப் போகவில்லை" என்றார்.

ஏலத்தில் விலை ஏற இரண்டே பேர் போதும் என்றும் சொன்னார். இந்த மார்ச்சில் நியூயார்க்கில் ஹுசைனின் 'கிராம யாத்திரை' ஒரு கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு, நம் கணக்கில் சுமார் 118 கோடிக்குப் போனது. 1954-இல் உலக சுகாதார நிறுவன வேலையாக இந்தியா வந்த நார்வே டாக்டர் ஒருவர் வாங்கிப்போய், 1964-இல் ஒஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்ட படம் அது. பத்து வருஷம் இல்லை, ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தது. வாங்கியவர் கிரண் நாடார் என்று செய்திகளில் வந்தது. திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடாரின் மனைவி. 2010-இல் ரசாவின் 'சௌராஷ்டிரா'வை 16 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவரும் அவர்தான். அதே வருஷம் நொய்டாவில் அருங்காட்சியகம் திறந்து, அடுத்த வருஷம் டெல்லி சாகேத்தில் ஒரு மால் கட்டடத்துக்குள்ளேயே கிளை வைத்தார். அவர் ஒரு ஓவியரைத் தேடி வாங்க ஆரம்பித்தால், மற்றவர்களும் அந்தப் பெயரைத் தேட ஆரம்பிக்கிறார்கள். ஒரு வீட்டுச் சுவர் ஒரு ஓவியரின் விலையையே மாற்றுகிறது. நேற்று முன்தினம் சோலாப்பூர்க்காரர் சொன்னதும் இதேதான்.

அப்புறம் தைரியம் வந்து, நிறுவனத்துப் பெண் ஒருவரிடம் சாரின் படங்களைக் காட்டினேன். நல்ல பெண். பொறுமையாக 143-ஐயும் பார்த்தாள். பச்சைக் கிணற்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றாள். பிறகு கேட்டாள்: எங்கே கண்காட்சி வைத்தார்? கேட்லாக் இருக்கிறதா? எந்தப் புத்தகத்திலாவது வந்திருக்கிறதா? யார் வாங்கியிருக்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். 'புரொவனன்ஸ்' வேண்டும் என்றாள், அதாவது படம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்கிற வரலாறு. அது இல்லாமல் ஏலத்தில் வைக்க முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க முன்விலை இல்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. கண்ணால் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரு படத்துக்கு, முன்னால் வேறொருவர் வாங்கியிருந்தால்தான் விலை உண்டு.

பெரியவர் வெளியே வரும்போது ஒரு விஷயம் சொன்னார். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு 1994 திருத்தத்தில் வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் ஓவியத்தில், வரைந்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்க உரிமை உண்டு, பத்து சதவீதம் வரை. ஆனால் யாராவது கேட்டு வாங்கினார்களா என்றால் அவருக்கும் தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. 87 ரூபாய்க்கு விற்றவர்களின் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ! இந்தச் சட்டத்தை ஓவியர் வீடுகளுக்குப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். நான் சொல்லப்போகிறேன்.

ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி வற்புறுத்தி வடாபாவ் வாங்கி வந்தான், 20 ரூபாய். பூண்டுப் பொடி காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது.

டிசம்பர் 13, சனி

வண்டி ராத்திரிதான். பகலில் சோர் பஜார், மட்டன் தெரு. நேற்று வெள்ளி, கடைகள் அடைப்பு என்பதால் இன்று. பழைய கிராமபோன், கப்பல் விளக்கு, ரவிவர்மா அச்சுப் படங்கள். ஒரு கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு, துணியை விலக்கி, குதிரைப் படம் ஒன்றைக் காட்டினார். கையெழுத்து 'ஹுசைன்'. நாற்பதாயிரம் என்றார். கோடு தோளில் ஆரம்பித்து முழங்காலில் நின்று, யோசித்து, மறுபடி ஆரம்பிக்கிறது. வியாழக்கிழமை அந்த நாற்பத்தைந்து அடியைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன்.

விலை ஏறினால் போலி வரும். 2009-இல் டெல்லியில் தன் கண்காட்சி ஒன்றுக்கு வந்த ரசா, சுவரில் தன் பெயரில் தொங்கிய படங்களில் பெரும்பாலானவை தான் வரையாதவை என்று கண்டுபிடித்தார். எண்பத்தாறு வயதில் ஒரு மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்.

சாயங்காலம் ஜஹாங்கீர் நடைபாதைக்கு இன்னொரு தடவை போனேன். சோலாப்பூர்க்காரரிடம் என் படத்துக்கு ஒரு ரசீது எழுதித் தரச் சொன்னேன். தேதி, தலைப்பு, அளவு, விலை, அவர் கையெழுத்து. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ரொம்ப நிதானமாக எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்துவிட்டு, தனக்கும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு

வண்டியில் முழு நாள். குல்பர்கா தாண்டி வெயில் ஜன்னலில் இறங்கிவிட்டது. வெஜ் பிரியாணி 110 ரூபாய் வாங்கினார்கள், பாதி வேகவில்லை. எதிர் இருக்கையில் இருந்த தெலுங்குக் குடும்பம் அதைப் பார்த்துவிட்டு, ரொட்டியும் நிலக்கடலைப் பொடியும் ஒரு தட்டில் வைத்து நீட்டியது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

ஒரு நோட்டு எடுத்து எண் போட ஆரம்பித்தேன். 1, 2, 3. ஒவ்வொரு படத்துக்கும் அளவு, எதில் வரைந்தது, வருஷம். முப்பதாவது படத்திலேயே வருஷம் தெரியாமல் நின்றுவிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். டவர் விட்டுவிட்டுக் கிடைத்தது.

"பச்சையா கிணறும் காக்காயும் இருக்குமே அம்மா, அது எந்த வருஷம்?"

"அது ரெண்டாவது போட்டதுப்பா. மொதல்ல போட்டத பேங்க் மேனேஜர் வாங்கிட்டுப் போனாரு. எழுபத்தெட்டு. பெரியவனுக்குக் காது குத்தின வருஷம்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. "சார் படம் வித்தாரா அம்மா?"

"பதினஞ்சு இருபது குடுத்திருக்காரே. நூறு ரூபா, நூத்தம்பது. ஒருத்தரு டெல்லிக்கு மாத்தலாகிப் போனப்ப எடுத்துட்டுப் போனாரு. எல்லாத்துக்கும் உங்க சார் ரசீது போட்டு, கார்பன் வச்சு எடுத்து வச்சிருக்காரு. டிரங்குப் பெட்டியில அடியில கெடக்கு."

"அம்மா, அத யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. பழைய பேப்பர்காரன் வந்தா..."

"போன வாரம்தான் வந்தான். பெட்டி சாவி கெடைக்கல."

வண்டி ஒரு பாலத்தில் ஏறியது, லைன் அறுந்துவிட்டது. நோட்டில் 30 என்று எழுதி, பக்கத்தில் '1978-க்குப் பிறகு, இரண்டாவது வடிவம், முதலாவது வங்கி மேலாளரிடம்' என்று குறித்துக்கொண்டேன்.